பனி மனுஷனும் பனங்குருத்தும்

2024 டிசம்பரை திருவண்ணாமலைக்காரங்க யாரும் லேசுல மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து போச்சுன்னு நியூஸ்ல சொன்னாங்க. மழை மட்டும் எங்களை விட்டுப் போகல. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலை சரிஞ்சு, அடிவாரத்துல வ.உ.சி. நகர்ல ஒரு வீட்டு மேல பாறையும் மண்ணும் விழுந்துச்சு. ஏழு பேர் போயிட்டாங்க, அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. மறுநாள் விடியக்காலம் சாத்தனூர் அணையிலருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணி திறந்து, தென்பெண்ணைக் கரையோரம் பூராவும் நாசம். எங்க ஊரு தண்டராம்பட்டு போற ரோட்டுல உள்ளடங்கி இருக்கு. உயிர்ச்சேதம் இல்ல. ஒன்றரை ஏக்கர் சம்பா, பால் பிடிக்கிற நேரத்துல நாலு நாள் தண்ணிக்குள்ள கிடந்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் தீபம் 13-ஆம் தேதி. மண் சரிஞ்ச மலைங்கறதால ஜனங்களை மேல ஏற விடல. நாங்க எப்பவும் போல களத்துலருந்தே பார்த்துக் கும்பிட்டோம். 2,668 அடி மலை, எங்க களத்துலருந்து பார்த்தா உள்ளங்கை உயரம் தெரியும். தீபம் பதினோரு நாள் எரியும். அது அணையறதுக்குள்ள பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துலருந்து மகளோட போனுக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது.

பேத்தி அப்ப ரெண்டாம் வகுப்பு. லீவு விடறதுக்கு முந்தின நாள் கிளாஸ்ல 'விண்டர் பார்ட்டி'யாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுல ஒரு 'விண்டர் கிராஃப்ட்' செஞ்சு எடுத்துட்டு வரணும். ஈஸியா செய்யலாம்னு நாலு படமும் கூட வந்திருந்தது. தெர்மாகோல் உருண்டை ரெண்டை அடுக்கி பனி மனுஷன், வெள்ளை பேப்பரை வெட்டி பனிப்பூ, பஞ்சு ஒட்டுன பென்குயின், ஐஸ்கிரீம் குச்சியில சறுக்கு வண்டி.

டவுனுக்குப் போய் பேப்பர் கடையில விசாரிச்சேன். உருண்டை, பஞ்சு, மினுக்குத் தூள், பசை, சார்ட் எல்லாம் சேர்த்து 280 ரூபா. யூரியா மூட்டை 266 ரூபா 50 காசு. அந்த வாரம் என் மண்டைக்குள்ள எல்லாத்தையும் யூரியா மூட்டையிலதான் எண்ணிக்கிட்டிருந்தேன். 2019 ஜனவரி 1-லருந்து தெர்மாகோல் தட்டு, டம்ளருக்கெல்லாம் தமிழ்நாட்டுல தடை. உருண்டைக்கு இல்லைபோல, கடையில சாக்கு சாக்கா தொங்குது. வாங்காமத் திரும்பிட்டேன்.

"இதுல போய் கணக்குப் பார்க்கறியாப்பா? புள்ளைங்க எல்லாம் கொண்டாரும்போது இவ மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?" மகள் சத்தம் போட்டுட்டா. பனை ஓலையில காத்தாடி செஞ்சு தரேன், கிளாஸ் பூராவுக்கும் தரேன்னு வாய் விட்டுட்டேன். பாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "தாத்தா, அது வில்லேஜ் கிராஃப்ட். விண்டர் கிராஃப்ட் இல்ல"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. எங்களுக்கு குளிர்காலமே இல்லையா? விடியக்காலம் நாலு மணிக்கு கரண்டு வந்து மோட்டார் போடப் போறப்ப வரப்புப் புல்லு காலை நனைச்சு எலும்பு வரைக்கும் ஏறுமே, அது என்ன? நமக்கு அதுதான் பனி. வெள்ளையா குவிஞ்சு கிடக்கிறதுக்கும் அதே பேரை வச்சிட்டதால, பிள்ளைங்களுக்கு பனின்னா கார்ட்டூன்ல வர்றது மட்டும்தான்.

எங்க குளிர்காலத்துக்கு எத்தனை கைவேலை இருந்தது தெரியுமா. கார்த்திகைக்கு ஏரி வண்டலை எடுத்துப் பிசைஞ்சு கட்டைவிரலால அமுக்குனா அகல். மார்கழியில சாணி உருண்டையில பூசணிப்பூ செருகி கோலத்து நடுவுல வைப்போம். வைக்கறது அக்கா தங்கச்சிங்க, பூ பறிச்சுட்டு வர்றது பசங்க. எல்லாத்தையும் விடப் பெருசு மாவலி.

டவுன்ல இருக்கறவங்களுக்கு மாவலி தெரியாம இருக்கலாம். ஆண் பனையில காய் வராது, பூக்கதிர் மட்டும்தான் விரல் விரலா நீட்டிக்கிட்டிருக்கும். காய்ஞ்சு விழுந்த கதிரைப் பொறுக்கிட்டு வந்து குழியில போட்டுக் கொளுத்துவோம். சாம்பலாக விடாம, கனன்டுக்கிட்டிருக்கும்போதே மண்ணைத் தள்ளி மூடிடணும். மறுநாள் எடுத்தா கரி. அதை நுணுக்கி பழைய பருத்தித் துணியில கெட்டியா சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவுல வச்சு இறுக்கி, நீளமா கயிறு கட்டணும். உச்சியில ஒரு நெருப்புத் துண்டு வச்சுட்டு தலைக்கு மேல சுத்துனா, பொறி மழை மாதிரி கொட்டும். மலையில தீபம் ஏறுன கையோட ஊர்ல இருக்கிற அத்தனை பசங்களும் களத்துல சுத்துவோம். கரி நுணுக்கறது, கட்டு இறுக்கறது எல்லாம் எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது. கட்டு தளர்ந்தா பொறி வராது, மொத்தமா கழண்டு எவன் தலையிலாவது விழும்.

பாப்பாவுக்கு நான் ஒரு தடவை கூட மாவலி கட்டித் தரல. காரணம் சொல்லவே கூச்சமா இருக்கு.

எங்க வரப்புல பதினாலு பனை நின்னது. 2009-ல போர் போட பணம் பத்தாம, செங்கல் சூளைக்கு பேசி வித்துட்டேன். மொதல்ல ஆண் மரங்களைத்தான் வெட்டச் சொன்னேன். நொங்கு கிடையாது, பழம் கிடையாது, என்ன லாபம்னு ஒரு நினைப்பு. பின்னாடி பொண்ணு மரத்தையும் விட்டு வைக்கல. போர்ல ரெண்டரை இஞ்ச் தண்ணி வந்தது, நாலு வருஷத்துல அதுவும் வத்திப்போச்சு. 1978-லயே பனையை தமிழ்நாட்டோட மாநில மரம்னு அறிவிச்சுட்டாங்க. கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு வேளாண் பட்ஜெட்ல சொன்னது 2021-லதான். என் மரம் பன்னெண்டு வருஷம் முன்னாடியே சூளைக்குள்ள போயிடுச்சு. அந்தச் செங்கல் இப்ப திருவண்ணாமலையில எந்த மாடி வீட்டுல இருக்கோ.

சரி, காத்தாடிக்கு வரேன். ஏரிக்கரையில மூணு வடலி இருக்கு. வடலின்னா ஏறத் தேவையில்லாத சின்னப் பனை, நின்னபடியே ஓலை எட்டும். குருத்து ஒரே மரத்துல ரெண்டு மூணு வெட்டுனா மரம் நொந்துடும், அதனால ஒண்ணுல ஒண்ணுதான் எடுத்தேன். கொண்டாந்து உடனே நறுக்கி மடக்கினா, பட்டுப் பட்டுன்னு பிளந்துக்கிச்சு. இருபது ஓலை வீணாப் போனதுக்கு அப்புறம் எதிர்வீட்டு ஆயா திண்ணையில இருந்தபடியே, "டேய், வெயில்ல போட்டா முறியாம என்ன பண்ணும்? நெழல்ல வாட்டி, ஈரத்துணியில சுத்தி வையிடா"ன்னாங்க. ஐம்பத்தேழு வயசுல எனக்கு 'டேய்' போட ஊர்ல மிச்சம் இருக்கறது அவங்க ஒருத்தர்தான். துணியில சுத்தி வச்சு மறுநாள் எடுத்தா வெத்தலை மாதிரி வளைஞ்சது.

நீங்களும் செஞ்சு பார்க்கலாம், அதனால முறையைச் சொல்றேன். நடு ஈர்க்கை நீக்கிட்டு ரெண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துல ரெண்டு துண்டு. கூட்டல் குறி மாதிரி குறுக்க வைங்க. நடுவுல முள்ளால குத்தி, ஓட்டையை கொஞ்சம் பெருசாக்கி விடுங்க. இறுக்கமா இருந்தா சுத்தாது. நாலு முனையையும் ஒரே போக்குல லேசா முறுக்கணும், ஃபேன் றெக்கை திரும்பி இருக்குமே அப்படி. ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் முறுகிட்டாலும் தலையாட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் முள்ளோட நுனியை சோளத்தட்டையில செருகிட வேண்டியதுதான். உள்ள நெட்டி மெத்துனு இருக்கறதால கெட்டியா பிடிச்சுக்கும். நாங்க சின்ன வயசுல வேலிக்காத்தான் முள்தான் வைப்போம். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க கையில முள் கொடுத்தா டீச்சர் என்னைத்தான் குத்துவாங்கன்னு ஈர்க்கையே சீவி வச்சேன். நானும் வீட்டுக்காரியும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து முப்பத்தாறு காத்தாடி முடிச்சோம்.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, பாப்பா தனியா ஒரு வேலை பார்த்திருக்கா. வரப்புல பூளைப்பூ வெள்ளை வெள்ளையா பூத்துக் கிடந்தது. கொங்குப் பக்கம் போகிக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோட சேர்த்து காப்பு கட்டுவாங்களே, அதேதான். இங்க நாங்க அதைக் களைன்னு பிடுங்கிப் போடுவோம். அவ ஒரு கூடை பறிச்சுட்டு வந்து, அகலுக்குப் பிசைஞ்சு மிஞ்சியிருந்த வண்டல்ல ரெண்டு உருண்டை பிடிச்சு, ஈரம் காயறதுக்குள்ள பூவை சுத்திலும் பதிச்சிருந்தா. மூக்குக்கு காஞ்ச மிளகா. கண்ணுக்கு குன்றிமணி வைக்கப் போனா, அது விஷம்னு வாங்கிட்டு ரெண்டு மிளகு கொடுத்தேன். பசை கிடையாது, பஞ்சு கிடையாது. தூரத்துலருந்து பார்த்தா வாட்ஸ்அப்ல வந்தது மாதிரியேதான் இருந்தது.

"இது வில்லேஜா, விண்டரா?"ன்னு கேட்டேன்.

"ரெண்டும்"னா.

பார்ட்டி அன்னிக்கு காத்தாடி மூட்டையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். டீச்சர் உள்ள கூப்பிட்டாங்க. ஜன்னல் எல்லாம் பேப்பர் பனிப்பூ, மேசை மேல கேக்கு, வரிசையா இருபது முப்பது பனி மனுஷன். காத்தாடியை ஆளுக்கொண்ணா கொடுத்தேன். ஒருத்தன் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தாத்தா, பேட்டரி எங்க போடறது?"ன்னு கேட்டான். "உன் காலுதான் பேட்டரி, ஓடு"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. முப்பத்தாறும் வராண்டாவுல இறங்கி ஓட ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்து கிளாஸ் டீச்சர் எட்டிப் பார்த்து முறைச்சாங்க. எங்க டீச்சர் கொஞ்ச நேரம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னுட்டு, "இந்த மாசம் இதுங்க இப்படி சத்தம் போட்டு நான் கேக்கவே இல்லைங்க, விடுங்க"ன்னு என்கிட்ட மெதுவா சொன்னாங்க. அந்த ஊர்ல அந்த மாசம் எதைச் சொல்றாங்கன்னு கேக்க வேண்டியதில்ல.

சாயங்காலத்துக்குள்ள பாதி காத்தாடி பிய்ஞ்சு போச்சு. பாப்பாவோட பனி மனுஷன் காய்ஞ்சு வெடிச்சு தலை தனியா உருண்டுடுச்சு. பரிசு தெர்மாகோல்ல செஞ்சதுக்குத்தான் கிடைச்சது. அவ ஒண்ணும் அழல. தலையை மட்டும் டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டா.

அடுத்த புரட்டாசியில ஏரிக்கரையில விழுந்து கிடந்த பனங்கொட்டையைப் பொறுக்கிட்டு வந்து, பழைய மரம் நின்ன அதே வரப்புல நானும் அவளும் இருபது போட்டோம். எது ஆண், எது பொண்ணுன்னு கேட்டா. பூ விட்டாத்தான் தெரியும், பன்னெண்டு பதினஞ்சு வருஷம் ஆகும்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "அப்ப நான் காலேஜே முடிச்சிருப்பேன்"னா. அஞ்சு கொட்டையை காட்டுப்பன்னி கிழங்குக்காகத் தோண்டித் தின்னுடுச்சு. மிச்சம் பதினஞ்சுக்கும் பக்கத்துல அந்தக் காத்தாடிச் சோளத்தட்டையை நட்டு அடையாளம் வச்சிருக்கா.