ஒன் பை டூ

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அந்தக் காலத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்தான். "யோவ் திண்டுக்கல், என் பக்கெட்டை எடுத்தியா?" "விழுப்புரத்துக்கு மணியார்டர் வந்திருக்கு!" (சம்பாதிக்கிற பிள்ளைக்கு அப்பா அனுப்பியது. விழுப்புரம் இரண்டு நாள் தலைகாட்டவில்லை.) நான் மாயவரம். என் ரூம்மேட் சேலம். எட்டுக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எதிர் மேன்ஷன்காரரின் ஈர பனியன்தான் வந்தது.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் தெருமுனை ஹோட்டலில் காபி. ஆளுக்கு ஒரு முழு காபி சாப்பிடும் வசதி எங்களுக்கு மாசத்தின் முதல் வாரத்தில் மட்டும் உண்டு. மற்ற நாளெல்லாம் 'ஒன் பை டூ'. பிறகு பழக்கமாகிவிட்டது, முதல் வாரத்திலும் அதுவே. எங்கள் தலையைப் பார்த்ததும் சர்வர் உள்ளே திரும்பி, "ஒரு காபி பை டூ!" என்று குரல் கொடுத்துவிடுவார். யார் டம்ளரில் நுரை அதிகம் என்பதில்தான் தினமும் தகராறு.

1996 மழைக்காலத்தில் சேலத்துக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. ஊருக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு, காவிக் கரை போட்ட வேஷ்டி மாதிரி இடுப்போடு திரும்பி வந்தான். எரிச்சல் அடங்கவில்லை. ஸ்கின் டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இவ்வளவு அக்கி வரக்கூடாதேப்பா" என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரிசல்ட் வந்த ராத்திரி, லைட்டை அணைத்த பிறகுதான் சொன்னான்.

"பாசிட்டிவ்னு போட்டிருக்குய்யா."

"பாசிட்டிவ்னா நல்லதுதானே?" என்றேன் தூக்கக் கலக்கத்தில். எங்கள் ஆபீஸ் மேனேஜர் தினமும் "பி பாசிட்டிவ்" என்று உபதேசம் செய்கிறவர். இருட்டில் சேலத்தின் பக்கமிருந்து சத்தமே இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு விஷயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் இதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் யோசனை சொல்ல, அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து, பரிசோதனைக்காக வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். இதையெல்லாம் வைத்து 1995 டிசம்பர் 1-ம் தேதி, உலக எய்ட்ஸ் தினத்தன்று, ஆபீஸ் பேச்சுப் போட்டியில் பொளந்து கட்டியவன் நான். "கை குலுக்கினால் வராது! ஒரே டம்ளரில் குடித்தால் வராது! கொசு கடித்தால் வராது!" என்று மேஜையைத் தட்டினேன். முதல் பரிசு. என்ன பரிசு தெரியுமோ? ஒரு எவர்சில்வர் டம்ளர்.

மறுநாள் சாயங்காலம் அதே ஹோட்டல். சர்வர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டு ஃபுல்."

அன்றைக்குத் தேதி இருபத்தேழு.

பை டூ என்றாலும் தனித்தனி டம்ளரில்தான் வரும். யாரும் யார் எச்சிலையும் குடிப்பதில்லை. அது தெரிந்தும் சொன்னேன். சேலம் ஒன்றும் கேட்கவில்லை. காபியைக் குடித்தான். தன் காபிக்குத் தானே காசு கொடுத்தான்.

அப்புறம் என் சோப்பு டப்பா ஜன்னலிலிருந்து என் பெட்டிக்குள் போயிற்று. அவன் வேலை பார்த்த கம்பெனியில் நம்பி ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். ஒரே வாரத்தில் அவன் மேஜை வராந்தாவுக்கு வந்தது, அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதத்தை அவர்களே டைப் அடித்துக் கொடுத்தார்கள். ரூமைக் காலி செய்த அன்று தன் பங்கு வாடகையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். 1997 பொங்கலுக்கு அவனிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. விரல் நுனியால் பிடித்துப் படித்தேன். பதில் போடவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் விளம்பரம். ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்கள் பட்ட பாடு ராஜாக்களுக்கே தெரியும். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே.

2007-ல் சித்தப்பாவுக்கு டி.பி. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், முதுகுக்குப் பின்னால், "யோவ் மாயவரம்!"

சேலம்! கன்னம் ஒட்டி, முன்மண்டையில் பாதி காலியாகி, ஆனால் அதே சேலம். செத்துப்போயிருப்பான் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அவன் என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், தோளில் கை போட்டான்.

"பயப்படாதேய்யா. எத்தனை நாளாச்சு தெரிஞ்சு?"

"சேச்சே! எனக்கில்லப்பா! சித்தப்பாவுக்கு டி.பி.!" என்று பதறினேன். அந்த 'சேச்சே' வெளியே வந்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது தெரிந்தது. அவன் கையை எடுக்கவில்லை. சிரித்தான்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கதையைச் சொன்னான். இந்தக் கிருமியை அடக்கிவைக்கும் கூட்டு மருந்து 1996-லேயே வெளிநாட்டில் வந்துவிட்டது. அவன் அக்கி எழுதிக்கொண்ட அதே வருஷம்! ஆனால் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரம். 2001-ல் சிப்லா கம்பெனி ஒரு வருஷத்து மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்த பிறகுதான் விலை சரிய ஆரம்பித்தது. 2003-ல் இவன் டி.பி. முற்றி, எலும்பும் தோலுமாக இங்கே வந்து சேர்ந்தான். 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு எட்டு ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதில் தாம்பரம் ஒன்று.

"ஏப்ரல் ஃபூல் பண்றாங்கன்னு நினைச்சேன்" என்றான். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு வருஷமா ஒரு வேளை தவறல. தவறினா கிருமி மருந்துக்குப் பழகிக்குமாம்."

அப்புறம் சாதாரணமாகக் கேட்டான். "நீ பாத்தியா?"

"நான் எதுக்கு?"

அவன் என்னையே பார்த்தான். அவன் பார்த்ததற்குக் காரணம் உண்டு. 1994-ல் மேன்ஷன் நண்பர்கள் ஆறு பேர் ஒரு டூர் போனோம். ஊர் பெயர் வேண்டாம். லாட்ஜ் மாடியில் அன்று ராத்திரி ஒரு கதவை அவன் மட்டும் தட்டவில்லை.

இதை எழுதுகிறபோது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. 'நல்ல ஆரோக்கியமாத்தானே இருக்கேன்' என்று பதிமூன்று வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சேலமும் அக்கி வரும் வரை ஆரோக்கியமாகத்தான் இருந்தான். கிருமி எட்டு, பத்து வருஷம்கூடச் சத்தமில்லாமல் உள்ளே குடியிருக்கும். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகி, வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் குழந்தை.

அங்கேயே நம்பிக்கை மையம் இருந்தது. பணம் கிடையாது. கவுன்சலராக உட்கார்ந்திருந்தது என் தங்கை வயதுப் பெண். ஆபீஸில் ஆடிட்டருக்குக்கூட அசராத நான், அந்தப் பெண் நிதானமாகக் கேட்ட நாலு கேள்விக்கு மின்விசிறியைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரத்தம் எடுத்தார்கள். "வெளியே உட்காருங்க ஸார்" என்றார்கள்.

அந்த அரை மணி நேரம் சுவரில் இருந்த போஸ்டரையே படித்தேன். கை குலுக்கினால் வராது. ஒரே டம்ளரில்... பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, அந்த அறையில், லைட்டை அணைத்துவிட்டு ஒருவன் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்திருப்பான். பக்கத்தில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கின ஒரு நண்பன் வேறு.

சேலம் நகரவில்லை. அவன் ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டியவன். பேசவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ரிசல்ட் என்ன என்று கேட்கிறீர்களா? 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, கோர்ட் உத்தரவு இல்லாமல் அதைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. உங்களிடம் கோர்ட் உத்தரவு இருக்கிறதா? சேலத்தின் மேஜையை வராந்தாவில் போட்ட மாதிரி போட்டு வேலையைப் பறிப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. அவனுக்குத்தான் இருபது வருஷம் லேட்.

சேலத்துக்கு 2009-ல் கல்யாணம். பெண்ணும் அதே மருந்து சாப்பிடுகிறவள். அவர்களுக்கு ஒரு மகள், அவளுக்குத் தொற்று இல்லை. தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். இப்போது அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ரத்தத்தில் கிருமி தேடினால் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. அப்படி அடங்கியே இருந்தால் உடலுறவு மூலம்கூட இன்னொருவருக்குப் போகாது என்கிறார்கள் டாக்டர்கள். "பி.பி.க்கு நீ ரெண்டு மாத்திரை போடறே, நான் ஒண்ணுதான்" என்று போனில் கிண்டல் செய்கிறான். விவரம் வேண்டுமென்றால் 1097-க்கு போன் செய்யச் சொல்லு என்பான், யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும். கட்டணம் கிடையாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றோம். நான் பர்ஸை எடுத்து, "ரெண்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு" என்றான் சேலம். "பை டூ."

"பை டூ எல்லாம் கிடையாது ஸார்" என்றான் கடைப் பையன்.

"அப்ப ஒரு காபி, ஒரு காலி கிளாஸ் குடு."

பையன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். சேலம்தான் ஊற்றினான். நுரை முழுக்க அவன் கிளாஸுக்கே போயிற்று. நான் தகராறு செய்யவில்லை.