குமணையா, இங்கினியாகலையா

வெள்ளி

ஆகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் ஓர் இரவு தங்க வைப்பதென்று நானும் இவரும் முடிவெடுத்துவிட்டோம். கடல் அவர்களுக்குப் புதிதில்லை. எங்கெங்கோ இருந்து வருகிற வெள்ளைக்காரர்கள் அறுகம்பைக் கபானாக்களில் தங்கி, விடியுமுன் ஜீப் பிடித்துக் குமணைத் தேசியப் பூங்காவுக்குப் போய் வருகிறார்கள். ஏழு வயதான என் மூத்தவள் குமணையைக் கண்டதெல்லாம் அந்த ஜீப்புகளில் ஒட்டியிருக்கிற படங்களில்தான். பொத்துவிலில் பிறந்த பிள்ளைக்கு இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சனி

உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “பச்சப் புள்ளையளக் கொண்டு காட்டுக்குப் போறதா? என்னத்துக்கு மகள்?” என்று கேட்டா.

அந்தப் பயத்தை லேசாக எடுக்க என்னால் முடியாது. 1985இல் மூடின குமணை 2003இல்தான் திரும்பத் திறந்தது. அடுத்த வருடமே சுனாமி. 2006 செப்டெம்பரில், காட்டோரக் குளமொன்றுக்கு வேலைக்குப் போன நம்மூர் ஆட்கள் பத்துப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். விறகுக்கும் தேனுக்கும் போன ஆண்கள் மஃரிபுக்குள் வீடு வந்து சேரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை உம்மாவுடையது. யானைக்குப் பயந்து வேளாண்மைக் காவல் பரணில் வாப்பா விழித்திருந்த இரவுகளும் அதில் சேரும். ஆனால் அந்தப் பயத்தை மட்டும் என் பிள்ளைகளுக்கு முதுசமாக விட எனக்கு மனமில்லை.

காட்டுக் காய்ச்சல் என்றும் உம்மா சொன்னா. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று அறிவித்ததைச் சொன்னேன். டெங்கு நுளம்பு நம் வீட்டுப் பின்வளவிலேயே இருக்கிறது, அதுவும் பகலில் கடிப்பது. காட்டில் எனக்குள்ள கவலை உண்ணிதான். புல்லில் விளையாடிவிட்டு வந்தால் காதுக்குப் பின்னால், அக்குளில், தலைமுடிக்குள் தடவிப் பார்க்க வேண்டும்.

திங்கள்

குமணை இந்த முறை இல்லை.

பாணமையைத் தாண்டி, உகந்தை முருகன் கோயிலடியில்தான் பூங்காவின் வாசல். உள்ளே போனால் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. சின்னவனுக்கு இரண்டரை வயது. குலுக்கல், புழுதி, வெயில் மூன்றையும் மணிக்கணக்கில் அவன் மேல் ஏற்றுவது அநியாயம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குமணை வில்லுச் சதுப்பில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற காலம் மே, ஜூன், ஜூலை. ஆகஸ்டில் அந்தக் கூட்டம் குறைந்துவிடும். மூத்தவள் பறவைகளின் பெயர் சொல்லப் பழகட்டும், தம்பியும் வளரட்டும். குமணை ஓடிப்போகாது.

புதன்

இங்கினியாகலை என்று இவர் சொன்னார். கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் அங்கேதான். அதன் நீரேந்து காட்டைக் காக்கவே 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். அங்கே படகில் போய்க் காட்டைப் பார்க்கலாம். தீவுக்குத் தீவு நீந்திப் போகிற யானைகளை மூத்தவள் பார்க்க வேண்டுமென்று எனக்கும் ஆசை. அம்பாறை வைத்தியசாலையும் கிட்டத்தான். நடுச்சாமத்தில் காய்ச்சல் கண்டால் அலையத் தேவையில்லை.

முதலில் விசாரித்த விடுதியில் ஓரிரவுக்குச் சொன்ன விலை என் சம்பளத்தில் பாதி. பிறகு கிராமத்துக்குள் அறை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு வீடு கிடைத்தது. யானை வேலி உண்டா, குளியலறை அறைக்குள்ளேயா, இரவில் மின்சாரம் போனால் என்ன வழி என்று எல்லாம் கேட்டேன். சாப்பாட்டைப் பற்றித்தான் தயங்கிக் கேட்டேன். அந்த வீட்டுச் சிங்கள அம்மா, குளத்து மீனும் மரக்கறியும் சமைப்பதாகவும், இறைச்சி வேண்டுமானால் நம்மூரிலிருந்தே கொண்டு வரும்படியும், புதுச் சட்டி எடுத்து வைப்பதாகவும் சொன்னா. அந்தச் சட்டிக்காகவே அங்கே போகலாம் போலிருந்தது.

படகுக்காரரிடம் உயிர்காப்பு அங்கி பற்றி விசாரித்தோம். பெரியவர்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது, குழந்தை அளவில் இல்லை. பெரிய அங்கிக்குள் சின்னப் பிள்ளையைப் போட்டால், தண்ணீரில் அங்கி மேலே எழும்பும், பிள்ளை கீழே நழுவிவிடும். ஆகவே மூத்தவளும் அவளுடைய வாப்பாவும் படகில். நானும் சின்னவனும் கரையில். இவருக்கு இது கொஞ்சம் கவலை. சுனாமியைக் கண்ட ஊர்க்காரி நான், தண்ணீர் விசயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வியாழன்

போகிற வழியும் முடிவாயிற்று. சியம்பலாண்டுவ வீதியில் போனால் லாஹுகல. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று, 1,554 ஹெக்டேயர்தான். கோடையில் மற்றக் குளங்கள் வற்றும்போது ‘பெரு’ப் புல்லைத் தின்ன யானைக் கூட்டங்கள் லாஹுகலக் குளத்துக்கு வருகின்றன. சின்னவனுக்கு இது போதும். பின்னேரம் வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் மடியில் இருந்தபடி பார்க்கலாம்.

வீதியோர யானைக்கு வாழைப்பழம் எறிகிற பழக்கம் எங்கள் வேனில் கூடாது என்று டிரைவர் தம்பியிடமும் சொல்லியாயிற்று. பழத்துக்குப் பழகிய யானை நாளைக்கு மோட்டார் சைக்கிள்காரரை மறிக்கும், கடைசியில் ஆளோ யானையோ சாகும்.

ஞாயிறு

முற்பணம் அனுப்பினோம். நுளம்புவலை, ஜீவனிப் பக்கற், பனடோல் சிரப், மாற்றுடுப்பு, தொழுகைப் பாய் எல்லாம் ஒரே பையில். உம்மாவும் வாறாவாம். “புள்ளைய ஆரு பாக்கிற?” என்று மட்டும்தான் சொன்னா.

நம் பக்கத்துப் பாடசாலை அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள். வருடாந்தச் சுற்றுலாவுக்குக் கண்டியும் நுவரெலியாவும் போகிற பஸ்ஸை ஒரு தடவையாவது பக்கத்திலிருக்கிற லாஹுகலவுக்கு விடுங்கள். விடுதிக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் ஊர்க் காட்டைப் பார்க்கட்டும்.