தேவாலயத்துக்குள் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்!

பார்சிலோனா போகிறவர்கள் சக்ராடா ஃபமிலியா கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். கால்பந்துப் பிரியர்கள் கேம்ப் நவ் மைதானத்துக்கு ஓடுவார்கள். மெட்ரோவில் பலாவ் ரியால் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால், பல்கலைக்கழக வளாகத்தில் தோரே ஜிரோனா என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. பூசை நின்று பல காலமாகிறது. பெஞ்சுகள் இருக்கவேண்டிய இடத்தில் பிரமாண்டமான கண்ணாடிக் கூண்டு. உள்ளே அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்களை வைத்த இடம் இது!

அந்த இயந்திரத்தின் பெயர் மாரே நோஸ்ட்ரம். 'நமது கடல்' என்று பொருள். மத்தியதரைக் கடலை ரோமானியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 2017-ல் இங்கே வந்த நான்காம் தலைமுறையில் 3,456 கம்ப்யூட்டர்கள், 1,65,888 கோர்கள்.

எதற்கு இத்தனை? வானிலை, மரபணு என்று பல வேலைகள் உண்டு. ஆனால், இருப்பதிலேயே பொல்லாத கணக்கு எலெக்ட்ரான்களுடையது. ஒற்றை எலெக்ட்ரானின் சமன்பாடு கல்லூரிப் பாடம்தான். பல சேர்ந்தால்தான் வம்பு. ஒவ்வொன்றின் போக்கும் மற்ற எல்லாவற்றோடும் பின்னிக்கிடக்கும்; தனித்தனியாகப் போட்டுக் கூட்டிவிட முடியாது. மேல், கீழ் என இரண்டே நிலைகள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு துகள் கூடினால் கணக்கு இரட்டிப்பாகும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதையேதான்! உங்கள் போனின் 8 ஜிபி ராம் முழுவதையும் கொடுத்தாலும் 29 துகள்களோடு நிரம்பிவிடும். 40 துகள்களுக்கு அப்படி 2,048 போன்கள் வேண்டும். 50 என்றால் சுமார் 21 லட்சம்!

அதனால்தான் கணக்கைத் துண்டு போட்டுப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிடுகிறார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்க ஆளுக்கொரு கூடை கொடுப்பது போல இது சுலபமில்லை. ஒருவரின் விடை அடுத்தவருக்கு உடனே தேவை. கணக்குப் போடும் வேகத்தைவிட, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேகம்தான் பல நேரம் தடை. என்னைக் கேட்டால், இதுபோன்ற இடங்களில் கம்ப்யூட்டர்களைவிட, அவற்றை இணைக்கும் கேபிள்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

குறுக்குவழியும் உண்டு. ஒவ்வொரு எலெக்ட்ரானையும் துரத்தாமல், எங்கே எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தாலே போதும் என்ற வழியைக் காட்டிய வால்டர் கோன், 1998-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். அந்த வழியில் ஸ்பெயினில் பிறந்த புரோகிராமின் பெயர் 'சியஸ்டா'. அதாவது, மதியத் தூக்கம்! பெயர்தான் அப்படி; ஆயிரக்கணக்கான அணுக்களைச் சமாளிக்கும்.

ஆனாலும் 1986-ல் கண்டுபிடிக்கப்பட்ட தாமிர ஆக்சைடு மீகடத்திகளிடம் இந்தக் குறுக்குவழி தடுமாறுகிறது. போதுமான அளவு குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருட்கள் அவை. ஏன் அப்படி என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை. அது கிடைத்தால், சாதாரண வெப்பத்திலேயே அப்படிக் கடத்தும் பொருளைத் தேட வழி பிறக்கலாம். கம்பியில் வீணாகும் மின்சாரம் மிஞ்சும்.

டான் பிரவுன் 2017-ல் எழுதிய 'ஆரிஜின்' நாவலில், இதே தேவாலயத்துக்குள் கற்பனையாக ஒரு குவாண்டம் கம்ப்யூட்டரை வைத்தார். 2025-ல் நிஜமாகவே ஒன்று இங்கே வந்துவிட்டது. ஐந்தாம் தலைமுறை மாரே நோஸ்ட்ரம் இப்போது பக்கத்துப் புதிய கட்டடத்தில் இயங்குகிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள்.