டீ மேக்கரின் வாட்ச்

குன்னூர் மார்க்கெட் பக்கம், படிக்கட்டு ஓரத்தில் உள்ள அந்த வாட்ச் ரிப்பேர் கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மழையில்தான் நிற்க வேண்டும். ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருமழை. நாங்கள் போன நவம்பர் காலையில் அது விடுவதாக இல்லை.

என்னோடு வந்த நண்பர் துணிச்சுருளைப் பிரித்துத் தன் தாத்தாவின் பாக்கெட் வாட்சை மேசைமேல் வைத்தார். தாத்தா ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். வாட்டிய இலையை ரோலரில் எவ்வளவு நேரம் உருட்டுவது, அதன்பின் எவ்வளவு நேரம் புளிக்க விடுவது, எப்போது அடுப்புக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது டீ மேக்கரின் வேலை. மூக்கு ஒருபக்கம் மணம் பார்க்கும், கை ஒருபக்கம் வாட்சைத் தேடும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் டீயில் உயிர் இருக்காது. அந்த மனிதரின் வாழ்நாள் தீர்ப்புகளெல்லாம் இந்த முட்களைப் பார்த்துச் சொல்லப்பட்டவை.

டயலில் ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி’ என்று இருந்தது. 1886-இல் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் செயிண்ட் இமியேயில் செய்த வாட்சுகளைப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் விற்ற கம்பெனி. ராணுவத்திலும் ரயில்வேயிலும் ஒரு காலத்தில் அதற்கு நல்ல பெயர்.

“வெள்ளிங்களாண்ணா?” என்று நண்பர் கடைக்காரரிடம் கேட்டார்.

“ஜெர்மன் சில்வர், தம்பி. செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி ஒரு குந்துமணிகூடக் கிடையாது. இந்தப் பச்சைக் களிம்பு அந்தச் செம்பு கக்கினது.”

மெஷினைப் பார்க்கப் பின்மூடியைத் திறக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். பின்மூடியும் உடம்பும் சேரும் கோடு முழுக்கக் களிம்பு. அதோடு ஃபேக்டரியில் பறக்கும் தேயிலைப் பஞ்சும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கறுத்து இறுகியிருந்தன. அந்தக் கோட்டை ஒட்டி ஆழமான கீறல்கள் வேறு. முன்பு யாரோ கத்தியை நுழைத்து நெம்பியிருக்கிறார்கள்.

அண்ணா லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வாட்சை விளக்கடியில் மெதுவாகச் சுற்றினார். கருவி எதையும் தொடவில்லை. எனக்கு முழு வேலையிலும் முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான். ஒரு மூடி எப்படித் திறக்கும் என்பதற்கு முன்னால், அது எப்படி மூடப்பட்டது என்று தெரிய வேண்டும். கீல் வைத்த மூடி என்றால் ஓரத்தில் கீலின் கணு தெரியும், எதிர்ப்பக்கம் நகம் கொடுக்க ஓர் உதடு இருக்கும். அமுக்கி மூடும் வகைக்குக் கீல் இல்லை, உதடு மட்டும் உண்டு. மரை போட்ட மூடிக்கு இரண்டுமே இருக்காது, பல நேரம் விளிம்பில் வரிவரியாகப் பிடிமானம் வெட்டியிருப்பார்கள். பின்பக்கம் திறக்கவே திறக்காத வகையும் உண்டு. முன் கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் மெஷின் மொத்தமும் கீலில் முன்புறமாக எழுந்து வரும். அப்படிப்பட்ட கேஸைப் பின்னால் நெம்பினால் நெம்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் வாட்சில் கீல் இல்லை, உதடு இல்லை, விளிம்பில் வரிகள் இருந்தன. மரைமூடி. அதைத்தான் அமுக்குமூடி என்று நினைத்து யாரோ கத்தி போட்டிருக்கிறார்கள். அந்தக் கீறல்களைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக நெம்பியிருந்தால் மரை சிதைந்திருக்கும்.

அண்ணா கூராகச் சீவிய மரக்குச்சியால் கோட்டைச் சுரண்டத் தொடங்கினார். இரும்பு ஊசி என்றால் உலோகத்தையே கீறிவிடும். கறுப்பும் பச்சையுமாகத் துகள்கள் வெள்ளைத் தாளில் உதிர்ந்தன. கோடு மயிரிழையாகத் தெரிந்ததும், துரு இளக்கும் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டுச் சுற்றிலும் வைத்தார், வாட்சின் முதுகைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி. இப்படிப் பிடித்தால் மெஷினுக்குப் போக எண்ணெய் மேலே ஏறியாக வேண்டும். வேண்டியது மரைக்குள் கசியும் அளவுதான். பிறகு அப்படியே வைத்துவிட்டு, “சாப்பிட்டு வாங்க” என்றார்.

திரும்பி வந்தபோது வெந்நீர் ஊற்றி இறுக மூடிய எவர்சில்வர் டப்பா தயாராக இருந்தது. அதன் மூடிமேல் வாட்சின் முதுகு படும்படி சற்று நேரம் வைத்தார். வெளியே இருக்கும் மூடி முதலில் சூடேறி இம்மியளவு விரியும், உள்ளே இருக்கும் உடம்பு அதற்குள் சூடாகாது. நெருப்பில் காட்டக் கூடாதா என்றேன். பதறிவிட்டார். மெஷினுக்குள் பேலட் கற்களை அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்களாம், சூடு மிஞ்சினால் அரக்கு இளகிக் கற்கள் நகர்ந்துவிடும். பீங்கான் டயலும் வெடிக்கும்.

சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டை உள்ளங்கையில் பரப்பி, மூடியை அதன்மேல் தட்டையாக அழுத்தினார். மற்றக் கை கண்ணாடியைத் தொடாமல் நடு உடம்பை மட்டும் பிடித்திருந்தது. ஊறுகாய் ஜாடி மூடியைப் பிடிப்பதுபோல் ஓரங்களை விரலால் நெருக்குவதுதான் எல்லாரும் செய்கிற தவறு என்றார். நெருக்கினால் மெல்லிய மூடி முட்டை வடிவத்துக்கு நசுங்கி மரையை இன்னும் கவ்விக்கொள்ளும். அழுத்தித் திருப்பினார். அசையவில்லை. வலப்பக்கம் துளி இறுக்கிப் பார்த்தார், மறுபடி இடப்பக்கம். மணலை நசுக்குவது போன்ற சன்னமான ஓசை ஒன்று வந்தது. அவ்வளவுதான், மூடி சுழலத் தொடங்கிவிட்டது.

உள்பக்கம் பளபளவென்று இருந்தது. அங்கே ஊசிமுனையால் கீறிய குட்டி எண்கள் சில. அந்தக் காலத்து ரிப்பேர்க்காரர்கள் சர்வீஸ் செய்த அடையாளத்தை இப்படித்தான் எழுதி வைப்பார்கள். நண்பர் அவற்றைப் பெயர் படிப்பதுபோல் வாய்க்குள் படித்தார். மெஷினில் பழைய எண்ணெய் கோந்தாகியிருந்தது. துரு இருந்தது ஒரே இடத்தில், சாவித் தண்டைச் சுற்றி. களிம்பு அடைத்த பின்மூடி வழியே ஈரம் வரவில்லை, சாவிக் குமிழ் வழியே இறங்கியிருக்கிறது.

“சாவி கொடுத்துப் பாத்திராதீங்க. முதல்ல கழுவணும்” என்றவர், மரையைப் பிரஷ்ஷால் துடைத்து, மூடும் விதத்தையும் நண்பருக்குக் காட்டினார். முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். ‘டக்’ என்று மரை உட்காரும் இடம் விரலுக்குத் தெரிந்தபிறகே வலப்பக்கம்.

எப்போது வரலாம் என்று நண்பர் கேட்டார்.

“மழை விடட்டும் தம்பி. இந்த ஈரக் காத்துல மெஷினைப் பிரிச்சுப் பரப்ப மாட்டேன். தை பொறந்து வாங்க.”