தேய்ந்த கிட்டாரும் தாயின் தோடும்

திருவிழாக் கச்சேரி மேடையில் எவர் கண்ணும் படாமல் நிற்கும் ஒருவர் உண்டு. பாடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. கீபோர்டு வாசிப்பவரைச் சிறுவர்கள் மேடையோரம் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள். தாளக்காரர் ஒரு சுழற்றுச் சுழற்றினால் மைதானமே ஆர்ப்பரிக்கிறது. பின்வரிசையில், தடித்த நான்கு தந்திகள் பூட்டிய நீண்ட கழுத்துக் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கும் இளைஞரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டால், பாட்டின் காலடியிலிருந்த தரை நழுவியதுபோல் அனைவருக்கும் ஏதோ ஒன்று குறைந்துபோகிறது. அந்தக் கருவிக்குப் பெயர் பேஸ் கிட்டார்.

பங்குச் சாமியாருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். எனக்குச் சங்கீதம் குருமடத்து ஹார்மோனியத்தோடு நின்றுவிட்டது என்பதும் உண்மையே. ஆயினும், மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரி மல்லிகை வாங்கிச் சரம் கட்டிப் பிழைக்கும் ஒரு தாய், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மகனையும் இழுத்துக்கொண்டு வந்து, “சாமி, இவன் கிட்டாரு வாங்கணும்ங்கிறான். தோட்டை அடகு வச்சுக் குடுக்கவா, வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டு நின்றால், தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது மேய்ப்பனுக்கு அழகன்று. ஆகவே விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததில் எனக்கே சுவை தட்டிவிட்டது.

முன்காலத்தில் மேல்நாட்டு இசையில் அடிநாதத்தைத் தாங்கியது, ஆள் உயரத்திற்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெரும் பிடில். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெருந்துன்பம். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் அதற்கு மாற்றாக, தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின்சாரப் பேஸ் கிட்டார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் இருப்பதுபோல் கழுத்தில் உலோக மெட்டுகளைப் பதித்ததால் சுருதி துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற சொல்லையே அதற்குப் பெயராகவும் வைத்தார். அதன் அடித்தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லையின் அடிப்படிக்கு அது அருகில். மரக்கிளையில் கட்டும் கூம்பு வடிவ ஒலிபெருக்கியில் இந்த ஓசை அறவே வராது. மேடையருகே பெட்டி ஒலிபெருக்கி வைத்தால்தான் வரும். அதுவும் காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் தட்டுப்படும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்பி நாதத்தை இறக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சுவை புதிதன்று.

நம் பக்கத்து இளைஞர்களுக்கு இந்தக் கருவியின்மேல் மோகம் வந்ததற்குக் காரணம் அமெரிக்கா அன்று, பண்ணைப்புரம். முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்து இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரிலிருந்து புறப்பட்டவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்து திரிந்த அவர், 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ தொடங்கி, பேஸ் கிட்டாரைப் பாட்டின் அடியில் ஓடும் இரண்டாவது குரலாகவே ஆக்கிவிட்டார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அந்தக் குரல் பேசும். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது தன் ஊர் ஓசைதான்.

ஆலயத்திற்குள் இது வரலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, பிற வாத்தியங்களும் புனிதப் பயன்பாட்டிற்குத் தக்கவையாகவும் ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தவையாகவும் இருந்தால், உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. என் தீர்ப்பு இது: பேஸ் கிட்டார் உரக்கக் கத்துவதில்லை, கத்த வைப்பவர் கைதான் கத்துகிறது. நற்கருணைப் பாடலின் கீழ் மெல்ல நடக்கும் நான்கு சுரங்கள் எவருடைய செபத்தையும் கலைத்து நான் கண்டதில்லை. நம் கோயில்களில் அதை வாசிப்பவர்களை இன்று அருகச் செய்திருப்பது எந்தச் சட்டமும் அன்று. இடக்கையால் ஒரு விசையை அழுத்தினால் தாளமும் அடிநாதமும் தானே வரும் கீபோர்டுதான். நான்கு பிள்ளைகள் நின்ற இடத்தில் இப்போது ஒரு பெட்டி நிற்கிறது. செலவு மிச்சம் என்கிறார்கள். எனக்கு அந்த மிச்சத்தில் மகிழ்ச்சி இல்லை.

பையன் என்னிடம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். “ஃபாதர், இந்த மாதிரிதான் வேணும்.” பார்த்தேன். வர்ணம் உரிந்து, விளிம்பெல்லாம் அடிபட்டு, ஆணிகளில் துருவேறி, பரணிலிருந்து இறக்கியதுபோல் இருந்தது. “தம்பி, இது பழைய சாமானாயிற்றே” என்றேன். “இல்ல ஃபாதர், புதுசு. பழசு மாதிரி செஞ்சிருக்காங்க. அதனால விலை கூட” என்றான்.

அவன் சொன்னது உண்மை. ஃபெண்டர் நிறுவனம் 1995-இல் தன் தனிப்பட்டறையிலிருந்து, புதுக் கருவியைத் தேய்த்தும் கீறியும் பழையதுபோல் ஆக்கி விற்கத் தொடங்கியது. 2009-இல் அதையே குறைந்த விலை வரிசையாகவும் வெளியிட்டது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1950-60களில் அங்கே பூசிய மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு, வாசிப்பவரின் முழங்கை உரசி உரசி மரம் தெரியுமளவு தேயும். அந்தத் தேய்மானம் பல்லாண்டு உழைப்பின் அடையாளமானது. இன்றைய மலிவுக் கருவிகளுக்குப் பூசுவது தடித்த பிளாஸ்டிக் பூச்சு. அது தேயாது, அடிபட்டால் எனாமல் தட்டுபோல் சில்லு சில்லாகப் பெயரும். எனவே புதியதில் தேய்மானம் வேண்டுமென்றால் யாராவது கூலிக்குத் தேய்க்க வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பழைய நிலைக்கதவுக்கு மதிப்பு அதிகம் என்பதை நாம் அறிவோம். அந்தக் கதவின் வழுவழுப்பு மூன்று தலைமுறைக் கைகள் பட்டு வந்தது. தொழிற்சாலையில் வந்த வழுவழுப்புக்கு ஒரு தாயின் தோட்டை அடகுக் கடையில் வைப்பதா?

விலையைப் பற்றி அவனிடம் இரண்டு பேரின் கதையைச் சொன்னேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஃபெண்டர் வாங்கப் பணம் போதவில்லை. ஏறத்தாழ முப்பது பவுனுக்குப் பிடில் வடிவிலான ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். இடக்கைக்காரரான அவருக்கு இருபுறமும் ஒத்த அந்த வடிவம் வசதியாகவும் இருந்தது. உலகம் முழுவதும் கேட்ட முதற்பாடல்கள் அந்த மலிவுக் கருவியில்தான் வாசிக்கப்பட்டன. 1972-இல் களவுபோன அது, தேடுவாரின் முயற்சியால் அகப்பட்டு அவரிடம் திரும்பிவிட்ட செய்தி 2024-இல் வெளியானது.

மற்றவர் டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களில் பேஸ் வாசித்தவர். வலக்கையின் ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டுவார். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டார். பல ஆண்டுகள் இசைத்தட்டு உறையில் அவர் பெயரே இல்லை. 1971-இல்தான் முதன்முதலாக அச்சாயிற்று. அவருடைய 1962-ஆம் ஆண்டுக் கருவி, 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோயிற்று. அந்தக் கருவி பிறகு அகப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு, திருமங்கலத்தை அடுத்த ஓர் ஊரில், ஆர்க்கெஸ்ட்ராவில் நெடுங்காலம் வாசித்து விரல் மூட்டு வலியால் ஓய்ந்துவிட்ட முதியவர் ஒருவர் தம் கருவியை விற்க விரும்புகிறார் என்று தெரிந்து, எங்கள் பாடற்குழு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு மூவரும் போனோம். ஆசிரியர் அந்தக் கருவியின் வர்ணத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. முதலில் கழுத்தை ஒரு கண்ணால் நோக்கினார், தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்தி, நடுவில் விழும் இடைவெளியைப் பார்த்தார். ஒரு முகவரி அட்டை நுழையுமளவு இருக்க வேண்டுமாம். அதைவிடக் கூடினால் கழுத்து வளைந்துவிட்டது என்று பொருள். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி உண்டு. அதன் திருகைச் சற்றே முறுக்கினால் வளைவு நிமிரும். திருகு ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தால் அந்தக் கருவியைத் தொடவே கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய வேனுக்குள் கிட்டாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களால் நம் பக்கத்தில் கெட்டுப்போன கழுத்துகள் ஏராளம் என்றார் அந்தப் பெரியவர்.

அடுத்து, ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டி, எங்கேனும் கரகரக்கிறதா என்று கேட்டார். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும், அழுத்தாமல் தொட்டு எடுக்கும் நாதமும் ஒன்றாகின்றனவா என்று பார்த்தார். ஒலிக் குமிழ்களைத் திருகியபோது கரகரவென்றது. அது சிறு செலவில் சுத்தம் செய்யக்கூடியது என்று தள்ளிவிட்டார். வயர் செருகும் துளை ஆடியது, அதுவும் அப்படியே. முழங்கை படும் இடத்தில் வர்ணம் போய் மரம் மங்கலாகத் தெரிந்தது. பையன் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தான். “இது தேச்சது இல்லப்பா, தேஞ்சது” என்றார் முதியவர். ஒன்பதாயிரம் ரூபாய் என்று பேசி, பாதி உடனே, மீதி கச்சேரி முடிய முடிய என்று ஏற்பாடாயிற்று. உடன்பணத்தை அவன் கடந்த மே மாதத் திருவிழாக்களில் இரவல் கிட்டாரோடு வாசித்துச் சேர்த்திருந்தான். தோடு காதிலேயே இருந்தது.

இந்தப் பிள்ளைகளின் வருமானம் எப்படி வருகிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக்கள், மே மாதத்தில் நம் பங்குகள், ஆடியில் அம்மன் கோயில்கள், பின் கிறிஸ்து பிறப்புக் காலம். கச்சேரித் தொடக்கத்தில் மூன்று சமயப் பாடல்களையும் வரிசையாகப் பாடுவது இவர்கள் வழக்கம். நடுவில் வெற்று மாதங்கள். ஆகவே கடனுக்குக் கருவி வாங்குகிறவன் வட்டி கட்டுவது வெற்று மாதத்தில்தான்.

ஒன்றை மட்டும் விலை பாராமல் வாங்கச் சொன்னேன். மூன்று முனைச் செருகி உள்ள நல்ல நீட்டிப்பு வயரும், மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சாதனமும். கிட்டாரின் தந்திகள் உள்ளே ஒரு கம்பியால் ஒலிபெருக்கியின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கின்றன. ஜெனரேட்டர் மேடையில் நிலத்தொடர்பு அறுந்திருந்து, மைக் வேறொரு இணைப்பிலிருந்து வந்தால், ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்ட மாத்திரத்தில் மின்சாரம் உடல்வழியே பாயும். 1972 மே 3 அன்று வேல்சு நாட்டின் ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற இருபத்தேழு வயதுக் கிட்டார் கலைஞர் மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். மழை நனைத்த பலகை மேடையில் செருப்பின்றி நின்று வாசிக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்குகிறது. பந்தல் போடுகிறவரிடமும் மைக்செட்காரரிடமும் இதைக் கேட்டுப் பெறுவது விழாக் குழுவின் பொறுப்பு. பதினெட்டு வயதுப் பையனின் பொறுப்பு அன்று.

விழாக் குழு என்றதும் இன்னொன்று. வெளியூர்ப் பாடகருக்கு முன்பணமும் வாகனமும் கொடுக்கிறோம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு, ‘நம்ம பசங்கதானே’ என்று பிரியாணிப் பொட்டலத்தோடு நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறோம். நம்மவர் என்பது ஊதியத்தைக் குறைப்பதற்குக் காரணமாகாது என்று பங்குப் பேரவையில் பேசினேன். கோயிலுக்குச் செய்வதற்குக் கூலியா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்திலும் நியாயம் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு வாசிப்பது காணிக்கை. அதற்கு அந்தப் பிள்ளைகளும் எதுவும் கேட்டதில்லை. திருவிழா இரவின் கச்சேரி வேலை. இரண்டையும் பிரித்துப் பேசி முடிக்க இரண்டு கூட்டங்கள் ஆயின.

இவ்வாண்டுக் கணக்கு ஏட்டில் பந்தல் வாடகைக்கும் வாணவேடிக்கைக்கும் இடையே, ‘உள்ளூர் வாத்தியக்காரர் ஊதியம், நால்வர்’ என்று ஒரு புதிய வரி எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தொகையில் பையன் திருமங்கலத்துப் பெரியவருக்கு ஒரு தவணை கொடுத்துவிட்டு, மீதியில் புதுத் தந்திகள் வாங்கியிருக்கிறான். ஒலிபெருக்கிப் பெட்டி இன்னும் இரவல்தான்.