யாரும் பிரிக்காத 160 கடிதங்கள்

தினமும் அதிகாலை மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வரும். அனுப்புகிறவர் பெயர் சார்லி ரூட். அவர் மனிதர் இல்லை, ஒரு கம்ப்யூட்டர். காலையில் காபி டம்ளரைக் கையில் எடுத்ததும் நான் முதலில் படிப்பது அந்தக் கடிதத்தைத்தான். வீட்டில் கிண்டல் செய்வார்கள். அதன் பின்னால் இருக்கும் கதையை இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

2006 ஆகஸ்ட். மதுரைப் பக்கம் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியில் சிஸ்டம் அட்மின் வேலைக்குச் சேர்ந்தேன். வயது 24. சேர்ந்த முதல் மாதமே பெரிய பொறுப்பு வந்தது. கல்லூரியின் மெயில் சர்வர் பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று போட வேண்டும்.

மெயில் சர்வர் என்பது நம் ஊர் தபால் ஆபீஸ் மாதிரிதான். வெளியூர்க் கடிதங்களை வாங்கி உள்ளூர்ப் பெட்டிகளில் போட வேண்டும். உள்ளூர்க் கடிதங்களை வெளியூருக்கு அனுப்ப வேண்டும். யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அதில் போட்டேன். அன்றைக்கு அதோடு கூடவே வரும் தபால்காரர், சென்ட்மெயில் என்ற மென்பொருள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதியது.

இந்த சென்ட்மெயிலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1988 நவம்பரில் 'மோரிஸ் வேர்ம்' என்ற நச்சுநிரல் இன்டர்நெட்டையே ஆட்டிவைத்தது. அது உள்ளே நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, சென்ட்மெயிலில் சோதனைக்காக வைத்து, பல கம்ப்யூட்டர்களில் மூடாமல் விட்டிருந்த ஒரு கதவு. அதற்குப் பிறகும் பல வருடங்கள், யார் எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கி யாருக்கும் அனுப்பிவைக்கும் குணம் அதன் இயல்பான அமைப்பிலேயே இருந்தது. குப்பை மெயில் அனுப்புகிறவர்களுக்குக் கொண்டாட்டம். 1998-ல் வந்த 8.9 பதிப்பில்தான் அந்த வழியை இயல்பாகவே அடைத்தார்கள்.

மென்பொருளை எழுதியவர்களே நமக்காக முன்கூட்டி முடிவு செய்து வைத்திருக்கும் இந்த அமைப்புகளுக்குத்தான் 'டீஃபால்ட்' என்று பெயர். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அவர்கள் சொன்னபடி நடக்கும்.

இதையெல்லாம் படித்திருந்ததால் நான் கவனமாகவே இருந்தேன். கல்லூரியின் டொமைன் பெயரைச் சேர்த்தேன். நம் வளாகத்துக் கம்ப்யூட்டர்கள் மட்டும் வெளியே மெயில் அனுப்பலாம் என்று எழுதினேன். வெளியிலிருந்து ஒருவன் நம் சர்வரைப் பயன்படுத்தி குப்பை அனுப்ப முடிகிறதா என்று வீட்டிலிருந்து இரண்டு நாள் சோதித்துப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு ஒரே பெருமை.

சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் சிஸ்டம். இன்னொன்றில் எல்லோருடைய மெயில்களும். செலவைக் குறைக்க அந்த இரண்டாவது டிஸ்க்கை ஸ்டோர் ரூமில் இருந்தே எடுத்தோம். பழைய சர்வரில் இருந்த மெயில்களை எல்லாம் இதற்கு மாற்றினேன். பழைய மெஷினை அழித்து, மாணவர்கள் லேபுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு ஃபைலை மட்டும் நான் திறக்கவில்லை. அதன் பெயர் அலையாஸஸ். யாருக்கு வரும் கடிதத்தை யாரிடம் சேர்ப்பது என்று எழுதிவைக்கும் பட்டியல் அது. யுனிக்ஸில் தலைமை நிர்வாகியின் பெயர் 'ரூட்'. சர்வர் தன் உடல்நிலையைப் பற்றி எதைச் சொல்வதானாலும் ரூட்டுக்குத்தான் கடிதம் எழுதும். அந்தக் கடிதங்கள் எந்த மனிதருக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பட்டியலில் நாம்தான் எழுத வேண்டும். அதற்கான வரியை மாதிரியாக எழுதி, முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுத் தூங்க வைத்திருப்பார்கள். குறியை எடுத்துவிட்டு நம் முகவரியை எழுதினால் போதும். அரை நிமிட வேலை.

நான் எழுதவில்லை. சர்வர் ஓடியது. எல்லோருக்கும் மெயில் வந்தது. ரூட்டாக உள்ளே நுழையும்போதெல்லாம் 'உங்களுக்கு மெயில் வந்திருக்கிறது' என்று திரையில் ஒரு வரி தெரியும். எப்போதும் வருகிற வரிதானே என்று கடந்து போனேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. நல்ல மழை. காலை ஒன்பதரைக்குள் பத்து போன். யாருக்கும் மெயில் திறக்கவில்லை. ஏசி அறைக்குள் போனால் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். கேட்டவர்களுக்குத் தெரியும், அது நல்ல சத்தம் இல்லை.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதே டிஸ்க்கில், இன்னொரு ஃபோல்டரில். என்ன சொல்ல!

ரூட்டின் தபால்பெட்டி மட்டும் டீஃபால்ட்டாக இருந்த இடத்திலேயே, முதல் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. முதல்முறையாக அதைத் திறந்தேன். 160-க்கும் மேற்பட்ட கடிதங்கள். ஒன்றையும் யாரும் பிரிக்கவில்லை. எல்லாம் சார்லி ரூட் அனுப்பியவை. சர்வருக்குள் ரூட்டின் முழுப்பெயர் அதுதான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது, எத்தனை மெயில் காத்திருக்கிறது, நேற்று என்னென்ன பிழைகள் என்று நாள் தவறாமல் எழுதியிருந்தது. அக்டோபர் பாதி வரை எல்லாம் சுகம். அதன் பிறகு ஒரு கடிதத்தில், இரண்டாவது டிஸ்க்கில் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. மறுநாள் மூன்று வரி. அடுத்த வாரம் ஒரு பக்கம். மூன்று வாரம் அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

முதல்வர் அறையில் "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம்" என்றேன். "மெஷின்தானே, போகத்தான் செய்யும். புதுசு வாங்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். விசாரணை இல்லை, திட்டு இல்லை.

மறுநாள் லைப்ரரியன் சார் வந்தார். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது அவருக்கு. மகன் மஸ்கட்டில் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வாராவாரம் அன்றைக்கு நீளமாக ஒரு மெயில் எழுதுவான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவான். சனிக்கிழமை காலையில் லைப்ரரி கம்ப்யூட்டரில் சார் அதைப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடக் கடிதங்கள்.

"ப்ரின்ட் எடுத்து வெச்சுக்கலாம்னு நெனச்சேன் தம்பி. சர்வர்ல பத்திரமா இருக்குமேன்னு விட்டுட்டேன். அவங்கிட்ட கேட்டேன். அனுப்புனதெல்லாம் சேமிக்கிறதுக்கு ஏதோ டிக் அடிக்கணுமாம்ல, அவன் அடிக்கவே இல்லையாம்."

அங்கேயும் ஒரு டீஃபால்ட்.

பிறகு அவர் கேட்டார்: "முன்னாடியே தெரிஞ்சுக்க வழி எதுவும் இல்லையா தம்பி?"

"இல்ல சார். திடீர்னு போயிடுச்சு" என்றேன்.

அந்தப் பொய்யோடு ஒரு வாரம் இருந்தேன். சென்னையில் டேட்டா மீட்டுத் தரும் கடைக்கு என் செலவில் டிஸ்க்கை எடுத்துப்போனேன். உள்ளே தகடே கீறிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வந்த மறுநாள் காலை, நேராக லைப்ரரிக்குப் போனேன். கடிதங்கள் வந்ததையும் நான் பிரிக்காததையும் சொன்னேன். மூன்று வாரம் அவகாசம் இருந்ததையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து, பழைய புத்தகங்கள் இருக்கும் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார். அலமாரியின் பக்கவாட்டில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. தேதிகள், அவற்றுக்கு எதிரே பெயர்கள்.

"மாசம் ஒருக்கா இந்தப் புஸ்தகத்தையெல்லாம் எடுத்துத் தட்டிப் பார்க்கணும். பூச்சி அரிச்சா தூள் கொட்டும். நான் வேலைக்கு வந்த புதுசுல 'எல்லாரும் பார்த்துக்கோங்க'ன்னு சொன்னேன். ஒருத்தரும் பார்க்கல. ஒரு வரிசையே போச்சு. அதுக்கப்புறம்தான் பேர் எழுத ஆரம்பிச்சேன்" என்றார். "நீயும் பேர் எழுதிடு தம்பி."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு மாலையே அலையாஸஸ் ஃபைலைத் திறந்து ரூட்டுக்கு எதிரே என் பெயரை எழுதினேன். நான் ஊரில் இல்லாவிட்டால் பார்க்க லேப் அசிஸ்டென்ட் பெயரையும் சேர்த்தேன். எழுதினால் மட்டும் போதாது. 'நியூஅலையாஸஸ்' என்ற கட்டளையையும் கொடுத்தால்தான் சர்வர் புதிய பட்டியலை எடுத்துக்கொள்ளும். கொடுத்தேன். ரூட்டுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, அது எனக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன். பேக்கப்பை வேறு மெஷினுக்கு, வேறு கட்டடத்துக்கு மாற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை, புது டிஸ்க்கில் மஸ்கட் கடிதம் வந்திருந்தது. லைப்ரரியன் சார் அதை ப்ரின்ட் எடுத்தார். ஓய்வு பெறும் வரை ஒரு வாரம்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கம்பெனி மாறிவிட்டேன். எந்த சர்வரைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "ரூட்டுக்கு வர்ற மெயிலை யார் படிக்கிறாங்க?" பல இடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டில் சர்வர் இருக்காது. ஆனால் இதைப் படிக்கிற போன் இருக்கிறது. உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயன்றால் எந்த எண்ணுக்கு, எந்த மெயிலுக்குத் தகவல் போகும் என்று செட்டிங்ஸில் ஒருமுறை பாருங்கள். எப்போதோ தூக்கிப்போட்ட பழைய சிம் எண்ணாக இருக்கலாம். அப்பாவின் போனில் இருப்பது, வேலையை விட்டுப் போன கடைப் பையன் ஆரம்பித்துக் கொடுத்த முகவரியாக இருக்கலாம். உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். அரை நிமிட வேலைதான்.

இன்று காலையும் மூன்று மணி ஒரு நிமிடத்துக்குக் கடிதம் வந்தது. எல்லா டிஸ்க்கும் நலம். படித்துவிட்டுத்தான் காபியைக் குடித்தேன்.