சக்கரத்தின் முனகல்

மும்பை குர்லாவில் முன்னாளில் உருவான, ஃபியட் 1100 வழிவந்த எங்கள் பிரீமியர் பத்மினியின் பின்புறத்தில் ஒரு முனகல் எழுந்தது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறிற்று. ஊருக்குப் போய்வந்தபின் பார்த்துக்கொள்ளலாமென்று வாளாவிருந்தோம். இல்லத்தாரின் வற்புறுத்தலால் மெக்கானிக்கிடம் சென்றோம்.

அவர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அசைத்தார், ஆடிற்று. டிரம்மைக் கழற்றி ஆக்சிலை உருவினார். பேரிங் தேய்ந்திருந்தது, கசிந்த எண்ணெய் பிரேக்கை நனைத்திருந்தது. பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் பழைய வளையத்தையே மீண்டும் போடலாமே என்றோம்.

"ஐயா, ஒருமுறை கழற்றியது இறுகப் பிடிக்காது. அது நழுவினால் சக்கரம் ஆக்சிலோடு வெளியே வந்துவிடும். குழந்தைகள் அமரும் வண்டியல்லவா?" என்றார்.

நாணினோம். பேரிங், வளையம், எண்ணெய்ச் சீல் யாவும் புதிதாய் இட்ட பின்னரே ஊருக்குப் புறப்பட்டோம். சிக்கனம் நன்று; உயிரைத் தாங்குமிடத்தில் அன்று.